பேச்சியம்மாவுக்குப் பின் வந்தவள்

தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில்தான் அவளைக் கொண்டுவந்தார்கள். ஆடி மாதம். அக்கரப்பத்தனைப் பக்கத்து மலைகளில் அந்த மாதத்தில் நடுப்பகலுக்கும் விளக்கு வேண்டும். மூடுபனி ஆஸ்பத்திரி முற்றம் வரை வந்து, வாசற்படியில் ஏறலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கும். லொறி வந்தபோது நான் எக்ஸ்ரே அறை வாசலில் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தேன். பின்பலகையைத் திறந்ததும் பச்சைக் கொழுந்தின் வாசனை முகத்தில் அடித்தது. காலிச் சாக்குகளுக்கு நடுவே படங்குத் துணி போர்த்திய ஓர் உடம்பு. படங்குக்கு வெளியே சேறு அப்பிய இரண்டு முழங்கால்கள் தெரிந்தன.

என் பெயர் பரமலிங்கம். சொந்த ஊர் உடுப்பிட்டி. ஐம்பத்து நான்காம் ஆண்டு, சயரோகக்காரர்களின் நெஞ்சைப் படம் பிடிக்கவென்று அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு அரசாங்கம் ஓர் எக்ஸ்ரே இயந்திரத்தைக் கொடுத்தது. இயந்திரத்தோடு சேர்த்து என்னையும் அனுப்பியது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பேய் பிசாசில் நம்பிக்கை அறவே கிடையாது. இந்தக் கதை நடந்த பிறகும் கோபம் குறையவில்லை. மற்றதைப் பற்றி நான் யாரோடும் வாதாடுவதில்லை.

செத்துக் கிடந்தவள் சண்முகவடிவு, ஊசிப்பாறைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். முந்தின வாரம் கொழுந்து நிறுக்கும் இடத்தில், தராசில் கள்ளம் இருக்கிறது என்று கண்டாக்கின் முகத்துக்கு நேரே சொன்னவள். கண்டாக்கு என்றால் வயல்வேலை முழுவதையும் மேய்க்கும் உத்தியோகத்தர், துரைக்கு அடுத்த ஆள். அவள் கூடையைக் கீழே வைத்தாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் வைத்தார்கள். துரையே இறங்கி வந்து, எல்லோருக்கும் முன்னால் கண்டாக்கை ஏசும்படி ஆயிற்று. அதற்குப் பிறகு ஒரு காலையில், காற்று மறைப்புக்கு நட்ட மரமொன்றின் தாழ்ந்த கிளையில் அவள் தொங்கினாள். முழங்கால் இரண்டும் மண்ணில் பட்டிருந்தன. மனம் வெறுத்துத் தூக்குப் போட்டுக்கொண்டாள் என்று பொலிஸ்காரர் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதே லொறியிலிருந்து அவளுடைய தாய் பேச்சியம்மாவும் இறங்கினாள். அழவில்லை. பிணவறை வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். பெரிய டாக்டர் வந்து அதட்டினார், கங்காணி வந்து கெஞ்சினார். அவள் நகரவில்லை. என்னைக் கண்டதும்தான் வாயைத் திறந்தாள்.

"எம் புருசன் நெஞ்சப் படம் புடிச்சீங்களே ஐயா, அது மாதிரி இவ கழுத்தப் புடிங்க. எம் மக தானா சாகல. அத எழுதிக் குடுங்க, நான் போயிர்றேன்."

இவ்வளவுதான் அவள் கேட்டது. நட்டஈடு கேட்கவில்லை, யாரையும் தூக்கில் போடச் சொல்லவில்லை. தூக்குப் போட்டுச் செத்தவள் என்ற பெயரோடு தன் மகள் மண்ணுக்குள் போகக் கூடாது என்றாள். வாசலை விட்டு எழும்பினால் போதுமென்று டாக்டர் சம்மதித்தார்.

இறந்தவர்களைப் படம் பிடிப்பது சுலபம், அவர்கள் அசையமாட்டார்கள். அப்படித்தான் அன்று நினைத்தேன். பக்கவாட்டில் கிடத்தி ஒரு படம் எடுத்தேன். இருட்டறையில் மருந்துக்குள் பிலிமை அசைத்தபோது அது பளிச்சென்று வந்தது. கழுத்தெலும்பு நடுவில், பின்பக்கத்திலிருந்து உடைந்து இடம் விலகிக் கிடந்தது. உயரத்திலிருந்து விழுந்து தொங்கினால் கழுத்து முறியலாம். முழங்கால் மண்ணில் பட்டுத் தொங்குகிறவளுக்கு மூச்சுத்தான் முட்டும், எலும்பு இப்படிச் சிதறாது. யாரோ பின்னாலிருந்து அடித்துவிட்டு, பிறகு கயிறு போட்டிருக்கிறார்கள்.

ஈரம் காயாத பிலிமை டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை ஜன்னலுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறைக்குள் வைத்தார். பின்னேரம் போய்க் கேட்டபோது, வெளிச்சம் பட்டுப் பாழாகிவிட்டது என்றார். கழுவி முடித்த பிலிம் வெளிச்சத்தில் பாழாகாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவரிடம் சோற்றைப் பற்றி என்ன பேசுவது? வாதாடினேன். அவர் இன்னொரு கதை வைத்திருந்தார். இந்தப் பெண்கள் சிறுவயதிலிருந்து கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிப் பாரம் இழுப்பவர்கள். கழுத்தெலும்பு தேய்ந்து உளுத்துப் போயிருக்கும். தூக்குக் கயிறு பட்டதும் முறிந்திருக்கும். அதில் புதினம் ஒன்றுமில்லை என்றார்.

மறுநாள் பறைமேளம் இல்லாமல், தோட்டத்து மயானத்தின் ஒதுக்குப்புறத்தில் அவளைப் புதைத்தார்கள்.

அன்று மாலையே கண்டாக்கு தம்பிஐயா என் விடுதிக்கு வந்தார். எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஊர்க் கோயில் திருவிழாவைப் பற்றியும் என் கல்யாணத்தைப் பற்றியும் அன்பாக விசாரித்தார். அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, நீர் எங்கட பெடியன். தோட்டத்துச் சனத்துக்காக உம்மட உத்தியோகத்தைக் கெடுத்துக்கொள்ளாதையும்."

"நான் எலும்பைத்தான் பாக்கிறனான் அண்ணை," என்றேன். "அது எந்த ஊர் எண்டு பாக்கிறேல்லை."

அவர் சிரித்துவிட்டுப் போனார். போகும்போது கழுத்தைச் சுற்றி மஃப்ளரை இறுக்கிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேச்சியம்மா வந்தாள். டாக்டர் சொன்ன கூடைக்கயிற்றுக் கதையை அவளிடம் மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப இந்த மலையில ஒருத்தி தலையும் நிமுந்து நிக்க முடியாதுங்களே," என்றாள். "இவ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து நான் கூட சொமக்கிறேன். எங் கழுத்தயும் புடிங்க ஐயா. எல்லாரு கழுத்தயும் புடிங்க. எத்தன பேருக்கு முறிஞ்சிருக்குன்னு பாப்போம்."

அவள் தனியாக வரவில்லை. மூடுபனிக்குள் ஆஸ்பத்திரி வேலி நெடுக, கம்பளியைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு பெண்கள் நின்றார்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்பதுபோல வரிசையாக, சத்தமில்லாமல். டாக்டர் கோல்ஃப் விளையாட நுவரெலியாவுக்குப் போயிருந்தார். அனுமதி இல்லாமல் அரசாங்கப் பிலிமைத் தொடுவது வேலைக்கு உலை வைக்கும் காரியம். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? கதவை அகலத் திறந்தேன்.

பேச்சியம்மா கதவடியில் நின்று ஒவ்வொருத்தியின் பெயரையும் சொல்லி உள்ளே அனுப்பினாள். நாற்காலியில் பக்கவாட்டாக உட்காரவைத்து, கம்பளியை விலக்கி, நாடியைச் சற்று உயர்த்திவிட்டுப் படம் எடுத்தேன். உச்சந்தலையில் கூடைக்கயிறு உராய்ந்து முடி தேய்ந்த கோடு எல்லோருக்கும் இருந்தது. மூச்சைப் பிடியுங்கோ என்பேன், பிடிப்பார்கள். விடுங்கோ என்றதும் பெருமூச்சாக விடுவார்கள். சிலர் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். கடைசியாகப் பேச்சியம்மாவே வந்து உட்கார்ந்தாள். அவள் கழுத்து கல்லுப்போல நின்றது.

அவள் வெளியே போன பிறகு, தகடுகளை அடுக்கிக்கொண்டு திரும்பினேன். நாற்காலியில் இன்னும் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

கம்பளியை முகம் வரை இழுத்து விட்டிருந்தாள். நனைந்து சொட்டியது. வரிசையில் ஒருத்தி பிந்தி வந்திருக்கிறாள் என்று நினைத்து, சிடுசிடுப்போடு இன்னொரு தகட்டை எடுத்து வைத்தேன். கம்பளியைக் கழற்றச் சொன்னேன். கேட்டதாகவே தெரியவில்லை. நானே கழுத்தடியில் கொஞ்சம் விலக்கினேன். தோல் மலைத் தண்ணீரைப்போலச் சில்லிட்டிருந்தது. அந்தக் குளிரில் எல்லோருக்கும்தான் சில்லிட்டிருந்தது. நாடியைப் பிடித்து உயர்த்தினேன்.

கையை எடுத்தேன். தலை மெல்லச் சரிந்து தோளில் படுத்தது.

திரும்பவும் நிமிர்த்தினேன். திரும்பவும் சரிந்தது.

நித்திரை தூங்குகிறாள் என்று எரிச்சலோடு மணல்பையொன்றைத் தோளில் அண்டைகொடுத்துத் தலையை நிற்கவைத்தேன். மூச்சைப் பிடிக்கச் சொன்னேன். பொத்தானை அமுக்கினேன். இனி விடுங்கோ என்றேன்.

அவள் விடவில்லை.

தகட்டை உருவிக்கொண்டு நிமிர்ந்தபோது நாற்காலி வெறுமையாக இருந்தது. மணல்பை தரையில் கிடந்தது. விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பலகையில் ஈரம் இருந்தது.

வெளியே வந்து பேச்சியம்மாவிடம் கடைசியாக வந்தவளின் பெயரைக் கேட்டேன்.

"கடைசியா நாந்தானே வந்தேன் ஐயா?"

உங்களுக்குப் பிறகு ஒரு பிள்ளை வந்தவ என்றேன். அவள் மற்றப் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். எனக்குப் பிறகு கதவு திறக்கவே இல்லையே என்றாள் பேச்சியம்மா.

இருட்டறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். ஜன்னல் இல்லாத அறை அது. சிவப்பு விளக்கு ஒன்று. மருந்துத் தொட்டிகளிலிருந்து புளித்த நெடி. முதலில் மற்றவர்களின் பிலிம்களைக் கழுவினேன். தேய்மானம் இருந்தது, சிலருக்கு எலும்பின் விளிம்பு தடித்திருந்தது. முறிவு ஒருத்திக்கும் இல்லை. டாக்டரின் கதைக்கு இதுவே போதும் என்று வாய்விட்டுச் சொன்னேன். என் குரல் கேட்டால் தைரியமாக இருக்கும் என்பதற்காகத்தான் சொன்னேன்.

பிறகு கடைசிப் பிலிமை மருந்துக்குள் இறக்கினேன்.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை.

புளித்த நெடி குறைந்தது. அதன் இடத்தில் வேறொரு வாசனை வந்தது. பச்சைக் கொழுந்து.

என் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டியது. குழாய் எனக்கு முன்னால் இருந்தது.

பிலிமில் தாடை தெரிந்தது. பிறகு முதுகெலும்பின் மேற்கணுக்கள், ஒவ்வொன்றாக. நடுவில் அந்த உடைவு. அதே உடைவு. நான் வெள்ளிக்கிழமை பார்த்து, டாக்டர் இழுப்பறையில் பூட்டி, தோட்டத்து மண்ணுக்கு அடியில் போன அதே உடைவு.

சொட்டும் சத்தம் இன்னும் கிட்ட வந்தது. யாரோ என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. எட்டிப் பார்க்கும் தலை நிமிர்ந்து நிற்கவில்லை. என் தோளில் அது படுத்துக்கொண்டது.

பிலிம் கையிலிருந்து நழுவித் தொட்டியின் விளிம்பில் தட்டியது. அந்த நேரத்தில், என் பிறவிக் குணம், பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. இவளைக் கொன்றவன் மஃப்ளர் சுற்றிக்கொண்டு என் வீட்டில் வந்து திருவிழாக் கதை பேசுகிறான். இவளுக்கு நான் ஏன் பயப்பட வேண்டும்?

"பின்னாலை நிண்டு என்னை வெருட்டாதை பிள்ளை," என்றேன். பல் கிட்டியபடியே சொன்னேன். "படம் வடிவாய் வந்திருக்கு. இந்த முறை ஒருத்தனிட்டையும் குடுக்கமாட்டன்."

தோளில் இருந்த பாரம் உடனே போய்விடவில்லை. பிலிமைக் கழுவி முடிக்கும் வரை இருந்தது. என் சட்டையின் அந்தப் பக்கம் முழங்கை வரை நனைந்திருந்தது.

பேச்சியம்மாவைக் கூப்பிட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினேன். யாருடையது என்று நான் சொல்லவில்லை. அவள் விரலால் தாடையின் ஓரத்தைத் தடவினாள். எவ்வளவு நேரம் வலித்திருக்கும் என்று மட்டும் கேட்டாள். ஒரு கணம்தான் அம்மா என்றேன். அது உண்மை, உண்மையாக இருந்ததில் எனக்கு ஓர் ஆறுதல். மற்றப் பிலிம்களில் எழுதியதுபோலவே அதன் ஓரத்திலும் வெள்ளை மையால் பெயரை எழுதினேன். சண்முகவடிவு.

தொழிற்சங்கத்து இராமையா மனு எழுதினார். ஊசிப்பாறையில் பெண்கள் மலையேற மறுத்தார்கள். கூடைகள் லயத்து வீட்டு வாசல்களில் கவிழ்ந்து கிடந்தன. கொழுந்து முற்றி வீணாகத் தொடங்கிய பிறகுதான் விசாரணை நீதவான் முன்னால் வந்தது. டாக்டர் என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார். நான் பிலிம்களைச் சட்டைக்குள் மார்போடு வைத்துக்கொண்டு நுவரெலியாவுக்கு பஸ் ஏறினேன்.

நீதிமன்ற மண்டபத்துக்குள்ளும் பனி வந்திருந்தது. முன்வரிசையில் டாக்டரும் தம்பிஐயாவும் கோட்டும் டையுமாக இருந்தார்கள். பின்வரிசை வாங்குப் பலகைகளில் பெண்கள் கம்பளிகளோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் தன் கூடைக்கயிற்றுக் கதையை அழகான ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பிலிம்களை ஒவ்வொன்றாக ஜன்னலில் பிடித்துக் காட்டினேன். நீதவான் வயதான மனிதர், கவனமாகப் பார்த்தார். கடைசிப் படத்தில் நின்றுவிட்டார். இது எப்போது எடுத்தது என்று கேட்டார்.

மற்றவர்களுடையதோடு சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை என்றேன்.

சனிக்கிழமை புதைத்தவளையா?

ஓம் என்றேன்.

முன்வரிசையில் சிரிப்பு எழும்பியது. நீதவான் சிரிக்கவில்லை, அவருக்கு முகம் சிவந்துவிட்டது. உயிரோடிருக்கும் யாருடையதோ படத்தில் செத்தவளின் பெயரை எழுதி நீதிமன்றத்தை ஏமாற்றப் பார்க்கிறாயா என்று மொழிபெயர்க்கும் முதலியார் வாயிலாகக் கேட்டார். சிறைக்குப் போவாய் என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இப்பிடி முறிஞ்ச கழுத்தோடை உயிரோடை திரியிற ஒருத்தியைக் காட்டுங்கோ ஐயா. காட்டினால் நான் மறியலுக்குப் போறன்," என்றேன்.

சரி, பார்த்துவிடுவோம் என்றார் நீதவான். படத்தில் உள்ள பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட வேண்டும், கூப்பிடப்பட்டவள் எழுந்து நிற்க வேண்டும், எந்தப் படத்துக்கு ஆள் இல்லை என்று தெரியட்டும் என்று உத்தரவிட்டார். நீதிமன்றத்தில் யாரையும் மூன்று தரம் கூப்பிடுவதுதான் வழக்கம். சேவகர் பிலிம்களை வாங்கிக்கொண்டு கூப்பிடத் தொடங்கினார். நாகலெட்சுமி எழுந்து நின்றாள். காளியாயி நின்றாள். ஒருத்தியையும் இரண்டாம் தரம் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பேச்சியம்மாவும் எழுந்து நின்று, உட்கார்ந்தாள். சேவகருக்குக் கதை தெரியாது, பெயர்தான் தெரியும். கடைசிப் பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"சண்முகவடிவு."

பனி ஜன்னல் வழியாக உள்ளே நகர்ந்தது.

"சண்முகவடிவு."

அதுவரை ஓட்டில் விழுந்துகொண்டிருந்த மழை நின்றுவிட்டது. யாரும் இருமவில்லை.

"சண்முகவடிவு."

பின்வாங்கில் பெண்கள் அசைந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்காமல், ஒருவரும் சொல்லாமல், பேச்சியம்மாவுக்குப் பக்கத்தில் ஓராள் இருக்கும் அளவுக்கு ஒதுங்கி இடம் விட்டார்கள். அந்த இடத்தில் வாங்குப் பலகை முனகியது. யாரோ பாரத்தோடு உட்காரும்போது முனகுவதுபோல.

மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. சேவகர் திரும்பினார், முதலியார் திரும்பினார், டாக்டர் நாற்காலியை விட்டு எழும்பியே விட்டார். பலகையில் ஈரம் பரவுவதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

ஒரேயொருவர் திரும்பவில்லை.

தம்பிஐயா முன்னால் இருந்த சுவரைப் பார்த்தபடி இருந்தார். அந்தக் குளிரில் அவருடைய கழுத்து வியர்த்து, கொலர் நனைந்திருந்தது. நீதவான் பலகையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். நீர் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று, முதலியாருக்காகக் காத்திராமல், தானே தமிழில் கேட்டார்.

தம்பிஐயாவின் உதடு அசைந்தது.

"பாக்கத் தேவையில்லை ஐயா. அவள் எப்பிடி இருப்பாள் எண்டு எனக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு மண்டபத்தில் பேனாவின் சத்தம்தான் கேட்டது. தானாகச் செத்தாள் என்ற முடிவைத் தள்ளுகிறேன், பிறர் கையால் நேர்ந்த மரணம், உடலைத் தோண்டி எடுத்துத் திரும்பப் பரிசோதிக்க வேண்டும், இந்த மனிதரை மறியலில் வைக்க வேண்டும் என்று நீதவான் மெதுவாகச் சொல்லச் சொல்ல, எழுதுவினைஞர் தலை தூக்காமல் எழுதினார். இரண்டு பொலிஸ்காரர்கள் தம்பிஐயாவின் இருபக்கமும் வந்து நின்றார்கள். நான் சாட்சிக் கூண்டிலேயே நின்றேன்.

பின்வாங்கில் பேச்சியம்மா நேராக உட்கார்ந்திருந்தாள். கையை உயர்த்தி, பக்கத்தில் வெற்றிடமாக இருந்த இடத்தில், ஒரு தலை சரிந்தால் எங்கே வருமோ அந்த உயரத்தில் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"பொறுத்துக்க தாயி. எழுதிக்கிட்டு இருக்காங்க."